அடுப்பில் ஊற்றிய தண்ணீர்

மலைமேல் உள்ள எடப்புளி நாட்டில் பிறந்து, அதே மலையின் குண்டூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள் மயிலம்மாள். வந்த வருஷமே 'அடுப்பணைக்கிறவ' என்று பேர் வாங்கிவிட்டாள். அதில் அவளுக்குத் துளி வருத்தமும் இல்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட நாள். மலையில் தீப்பெட்டி கிடைப்பது அருமை. அதனால் காட்டுக்குப் போகிறவர்கள் அடுப்பை அணைக்காமல், நெருப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடிவிட்டுத்தான் போவார்கள். தண்ணீர் ஊற்றினால் குடும்பம் விளங்காது என்று வேறு ஒரு பேச்சு. மயிலம்மாளோ ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, 'சுர்'ரென்ற சத்தம் அடங்கின பிறகுதான் களைக்கொத்தையே தொடுவாள். புல் வேய்ந்த வீட்டுக்குள் நெருப்பை எந்த நம்பிக்கையில் விட்டுவிட்டுப் போவது? சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாப்பாயியிடம் பானைச் சில்லில் நெருப்பு வாங்கிக்கொள்வாள்.

மாமியார் அத்தாயிக்கு அதுதான் பொறுக்கவில்லை. தினமும் அடுத்தவள் வாசலில் போய் நிற்பதா? ஒருநாள் காலை, காய்ச்சலில் படுத்தபடியே சொல்லிவிட்டாள்: "உங்கண்ணனுக்கு ஆள் உட்டிருக்கறேன். பொழுதுக்குள்ள வந்து உன்னக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்." புருஷன் காத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு இறங்கிவிட்டான்.

"வரட்டுங்க அத்தே. கொழந்த உங்க பக்கத்துல தூங்குது, பாத்துக்குங்க."

பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்களோ என்று மயிலம்மாளுக்குப் பயம். ஆனாலும் அன்றும் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் களை வெட்டப் போனாள்.

மத்தியானம் அத்தாயி கண் விழித்தபோது, சிந்தின சாமையைத் தேடிக் கோழி அடுப்புக்குள் நின்று காலால் சீய்த்துக் கிளறிக்கொண்டிருந்தது. வீடெல்லாம் கரி. பாயோரத்தில் இரண்டு துண்டு. குழந்தைக்குப் போர்த்தியிருந்த பழஞ்சேலை மடிப்பில், கட்டைவிரல் பருமனில் ஒன்று. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து அதைக் கையில் எடுத்தாள். சில்லென்று ஈரமாக இருந்தது. குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அத்தாயி அந்தக் கரித்துண்டையும் தலைக்கு மேலிருந்த புல் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாயங்காலம் மயிலம்மாள் காட்டிலிருந்து திரும்பவும், அண்ணன் செல்லமுத்து வந்து வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

"ஏனுங்க அத்தே, வரச் சொன்னீங்களாமா?"

"ஆமா சாமி. பலாப்பழம் வெட்டியிருக்குது, தின்னுட்டுப் போ" என்றாள் அத்தாயி. பிறகு பானைச் சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு மருமகளிடம், "நீ புள்ளயத் தூக்கு. பாப்பாயி ஊட்டுல நானே போயி நெருப்பு வாங்கியாறேன்" என்றாள்.

மயிலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்காக வாய் சும்மா இருக்குமா?

"காத்தடிக்குதுங்க அத்தே. மேல இன்னொரு சில்லக் கவுத்து மூடிக்கிட்டு வாங்க."

வாசல் வரை போயிருந்த அத்தாயி திரும்பி வந்து, இன்னொரு சில்லையும் எடுத்துக்கொண்டு போனாள்.