ஆரஞ்சு என்று நான் சொன்ன சனிக்கிழமை

நண்டுப் பண்ணையில் எங்கள் வீட்டுக்காரருக்குக் 'கலர் மாஸ்டர்' என்று பெயர். போன மாதம் அவர் ஓய்வு பெற்ற அன்று, பேசியவர்கள் அத்தனை பேரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய கதை இது. நான் அப்போது அங்கே தீனி அறையில் இருந்தேன். நண்டுக் குஞ்சுகள் தின்னும் பொடிப் பூச்சிகளைக் கண்ணாடி ஜாடிகளில் வளர்ப்பது என் வேலை. அவர் பக்கத்து அறை, தாய் நண்டுகள் இருக்கும் இடம். நண்டு மிரளக் கூடாதென்று அங்கே அரை இருட்டாகவே வைத்திருப்பார்கள். வாசலில் மருந்துத் தண்ணீரில் ரப்பர் பூட்ஸை நனைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். அந்த மருந்து வாடைக்கும், காற்றுக் குழாய்கள் நாள் பூராவும் குமிழி விடும் சத்தத்துக்கும் இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. சொன்னால் சிரிப்பார்கள்.

தாய் நண்டு முட்டைகளை வயிற்று மடிப்பில் கொத்தாகச் சுமக்கும். முதலில் ஆரஞ்சு, அப்புறம் பழுப்பு, கடைசியில் கறுப்பு. பழுப்பு இருளத் தொடங்கியதும் தாயைப் பொரிப்புத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அவசரப்பட்டால் மிரண்டு முட்டையை உதறிவிடும். அசந்தால் குஞ்சு பொரிந்து, ஓடும் தண்ணீரோடு வடிகாலுக்குப் போய்விடும். அந்த நாளைச் சரியாகச் சொல்பவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பட்டம்.

தினம் காலையில் தீனி அறைக் கதவருகே வந்து நிற்பார். "ஒரு நிமிஷம் வர்றீங்களா? அவ இன்னைக்கு என்ன கலர்னு பாருங்களேன்" என்பார். நான் டார்ச் அடித்துப் பார்த்து, "ஆரஞ்சுதான் மாஸ்டர்" என்பேன். இரண்டு மாதம் இப்படியே போனது. அவ்வளவு பெரிய கலர் மாஸ்டருக்கு என்னிடம் என்ன கேள்வி? எனக்கென்ன புரியாதா! அக்காவிடம் சொன்னேன்.

"நண்டைச் சாக்கு வச்சுப் பொண்ணு பாக்கறாராடி? கெட்டிக்காரர்தான் போ" என்றாள் அக்கா.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புப் புடவைக்குச் சிவப்பு வளையல், பச்சைக்குப் பச்சை என்று ஜோடி சேர்த்துப் போட்டுக்கொண்டு போனேன். ரப்பர் பூட்ஸுக்கு மேலே!

ஒருநாள் அவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "மாஸ்டர், அந்தப் பச்சை வாளியை எடுங்க" என்றேன். தீனிக்குப் பச்சை வாளி, கழிவுக்குச் சிவப்பு. அவர் சிவப்பைத் தூக்கிக் கொடுத்தார். "பச்சைங்க" என்றேன். மறுபடியும் அதையே நீட்டினார்.

"என்ன மாஸ்டர், கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பொறந்ததிலேர்ந்தே சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, பழுப்பு எல்லாம் எனக்கு ஒண்ணுதான். அதான் தினம் உங்களைக் கேக்கறேன். முன்னே இந்த ரூம்ல இருந்த பெரியவரைக் கேப்பேன்."

பெரியவர்! பல் போன கிழவருக்கு அடுத்தபடி நான். இரண்டு மாதம் கட்டிய புடவையெல்லாம் அவருக்கு ஒரே நிறம். அவருக்கு வேண்டியது நான் இல்லை, என் கண். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் வந்து, "கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்தேன். நல்ல பழுப்பு, ஓரமெல்லாம் இருளத் தொடங்கியிருந்தது. "ஆரஞ்சு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்கு விடுமுறை. திங்கள் காலையில் வந்து பார்த்தால், தாயின் வயிறு காலி, தொட்டித் தண்ணீரில் ஒரு குஞ்சு கூட இல்லை. முந்தைய இரண்டு ஈடும் செத்துப்போய், எல்லாரும் மலைபோல் நம்பியிருந்த ஈடு அது. பத்து லட்சம் குஞ்சு வடிகாலில் போயிருந்தது.

மேனேஜர் குதி குதி என்று குதித்தார். "கலர் பாத்தது யாரு?"

"நான்தான் சார். எனக்குக் கலர் தெரியாது. மறைச்சுட்டேன்" என்றார் இவர். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வாய் இருந்தும் ஊமையாக நின்றேன். அன்றே அவரைத் தொட்டி கழுவப் போட்டார்கள். பட்டப்பெயர் மட்டும் கேலியாக ஒட்டிக்கொண்டது.

அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து, அக்காவிடம் முறையாகப் பெண் கேட்டார். நான் உடனே சரி என்றேன். ஆசையும் இருந்தது, குற்ற உணர்வும் குடைந்தது.

தொட்டி கழுவியவர் மெல்ல மெல்லக் குஞ்சு வளர்ப்பைக் கையில் எடுத்தார். ஐந்து தடவை தோலுரித்த குஞ்சுக்குக் கொடுக்கு முளைத்துவிட்டால் கூடப்பிறந்ததையே பிடித்துத் தின்னும். கிழிந்த வலைகளைச் சுருட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டு, ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாமல் ஒளித்து வைப்பார். அங்கே நிறம் பார்க்கும் வேலையே இல்லை. முட்டையிலிருந்து கைப்பருமன் நண்டு வரை அவர் ஆளாக்கியது எத்தனையோ! அந்த நாட்களில் மதியம் இரண்டு பேரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். என்ன சுகமான நாட்கள்! ஆனால் அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்ததும் என் பங்கையும் அவர் பக்கம் தள்ளிவிடுவேன்.

போன மாதம் விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் அன்னைக்கு வேணும்னே பொய் சொன்னேங்க. அது பழுப்பு" என்றேன்.

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "வேணும்னேயா? இருட்டுல நீ தப்பாப் பாத்துட்டேன்னுல்ல நெனச்சேன். உன் வேலை போயிடுமேன்னுதான் என் கண்ணைச் சொன்னேன். ஏன் அப்படிப் பண்ணே?"

"கண்ணுக்காகத்தான் என்கிட்ட வந்தீங்கன்னு ஆத்திரம்."

கட்டிலில் உட்கார்ந்தார்.

"பொரிக்கப் போறவ வயித்தடியில காலை விசிறிக்கிட்டே இருப்பா. நீ வந்த ரெண்டாம் வாரமே அது எனக்குப் பிடிபட்டுப் போச்சு. அதுக்கப்புறம் எனக்கு எந்தக் கண்ணும் வேண்டியிருக்கலே."

"அப்ப அன்னைக்கும் தெரியுமா?"

"தெரியும். விசிறிக்கிட்டுதான் இருந்தா. ஆனா நீ ஆரஞ்சுன்னியே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப எதுக்குய்யா கண்ணுக்காகத்தான் கேக்கறேன்னு சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"நான் தப்பு வாளியை நீட்டிக்கிட்டு நிக்கறேன், நீ கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேக்கறே. வேற எதுக்குன்னு அப்ப நான் எப்படிச் சொல்றது?" என்றார்.