மடிப்புக் கலையாத சட்டை

எங்கள் தெருச் சலவைக்கடைக்காரரைப் பொறுத்தவரை மனித குலத்தில் இரண்டே வகைதான்: இஸ்திரி போட்டவர்கள், போடாதவர்கள். இரண்டாம் வகைக்குத் தலைவராக, அவர் தங்கையின் கணவரையே விதி அனுப்பிவைத்தது.

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். கசங்கிய சட்டை, முழங்கை வரை சுருட்டிய கை, சட்டைப் பைக்கு அடியில் மைக்கறை. “மாப்பிள்ளை, சட்டையைப் போட்டுட்டு வந்தீங்களா, மென்னு துப்பினதை மாட்டிட்டு வந்தீங்களா?” என்று கடை வாசலில் நாலு பேர் முன்னால் விசாரிப்பது சலவைக்காரரின் மாலைநேரப் பொழுதுபோக்கு.

“சுருக்கம் இருந்தாத்தான் மச்சான் உள்ள ஆள் இருக்குன்னு தெரியும்” என்று வாத்தியார் நடையைக் கட்டுவார்.

ரயில் நிலையத்தில் குண்டு வைத்தார்கள். இறந்த நாற்பத்தொரு பேரில் வாத்தியாரும் ஒருவர்.

ஓராண்டு கழித்து அருங்காட்சியகத்தில் நினைவுக் கண்காட்சி. வீட்டுக்கு ஒரு பொருள் கேட்டார்கள். முடிந்ததும் திருப்பித் தருவார்களாம். குண்டு வெடித்ததற்கு முதல் நாள் சாயங்காலம் வாத்தியார் கழற்றி மாட்டிய சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தங்கை அதைத் துவைக்கவில்லை. தினமும் ஒருமுறை அதில் முகம் புதைப்பாள் என்பது அவளுக்கும் அந்தக் கதவுக்கும் மட்டுமே தெரியும். சட்டையைப் பையில் போட்டு, சேர்த்துவிடச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தாள்.

அண்ணன் பையைத் திறந்து பார்த்துப் பதறினார். சலவைக்கடைக்காரன் வீட்டு மாப்பிள்ளையின் சட்டை ஊர் பார்க்க இந்தக் கோலத்திலா போவது? உயிரோடு இருந்தவருக்கு ஒரு சட்டைகூடத் தேய்த்துக் கொடுக்காமல் கேலி மட்டுமே செய்த உறுத்தல் வேறு. இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்தார். மைக்கறையோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தார். கஞ்சி போட்டு, விரலை அறுக்கிற மாதிரி மடிப்பு வைத்தார். முப்பது வருஷத் தொழிலில் அதுதான் சிகரம்.

திறப்பு நாளில் சட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் விறைப்பாக நின்றது. குறிப்பு எழுதும் அதிகாரி சட்டையை ஆழ்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்த வரலாற்று உண்மை கீழே அச்சாகியிருந்தது: ‘உடையில் அப்பழுக்கற்ற ஒழுங்கைக் கடைப்பிடித்த ஆசிரியர்.’

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மைக்கறை இருந்த இடத்தைத் தேடினாள்.

“துவைச்சுட்டியா அண்ணா?”

முப்பது வருஷமாக வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விதான். அவர் தலை குனிந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அதிகாரியிடம் போய், பெட்டியை இரண்டு நிமிஷம் திறந்தால் சட்டையைக் கசக்கிவிட்டுப் போய்விடுவதாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். காட்சிப் பொருளின் நிலையை மாற்ற விதியில் இடமில்லை என்று பதில் வந்தது.

“நான்தான் சார் ஏற்கெனவே மாத்திட்டேன்.”

அதற்கான படிவம் அந்த அலுவலகத்தில் இல்லை.

கண்காட்சி முடிந்து, நன்றிக் கடிதத்தோடு சட்டை வீடு திரும்பியது. தங்கை அதை ஆணியில் மாட்டவில்லை. பீரோவில், மற்ற சலவைத் துணிகளோடு அடுக்கிவிட்டாள். மடிப்பு இன்றுவரை கலையவில்லை.