பிடிஎஃப்பில் வராத வட்டம்

செல்லூரில் விசைத்தறிக் கூடத்துக்கு மேல் மாடியில் வீடுகளுக்கு டிராயிங் போடும் எங்கள் ஆபீஸ். சேர்ந்த முதல் நாளே எனக்குக் கிடைத்தது, எனக்கு முன்னால் அங்கே டிராயிங் போட்டுக்கொண்டிருந்த முருகேசன் அண்ணனின் கம்ப்யூட்டர். அவர் பைக் விபத்தில் இறந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் விரல் பட்டுத் தேய்ந்த கீபோர்டில் கை வைக்கவே கூசியது.

வேலை சின்னதுதான். கோச்சடையில் ஒரு வீடு. அவர் வரைந்துவைத்த அஸ்திவார டிராயிங்கை பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்ப வேண்டும். டிராயிங்கைத் திறக்கும் கேட் (CAD) சாஃப்ட்வேர் சைட்டில் கிடையாது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, அதைப் பார்த்துத்தான் குழி தோண்டுவார்கள்.

டிராயிங்கில் வடகிழக்குத் தூணை ஒட்டி ஒரு வட்டம் இருந்தது. பிடிஎஃப் ஆக்கினேன், வட்டத்தைக் காணோம். மறுபடி ஆக்கினேன், அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கீழே தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. யூபிஎஸ் மட்டும் கூவிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு வட்டம் ஸ்கிரீன்ல தெரியுது, பிடிஎஃப்ல வர மாட்டேங்குது" என்றேன்.

முதலாளி இளங்கோ சார் நிமிரவே இல்லை. "அவன் என்னத்தையாவது கிறுக்கி வச்சிருப்பாம்மா. சைட்டுல ஆளுக நிக்கிறாங்க. அனுப்பிவிடு."

கரண்ட் வந்ததும் அனுப்பிவிட்டேன். இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மனசு கேட்காமல் ஒரு மணி நேரம் கழித்து வட்டத்தை ஜூம் செய்தேன். உள்ளே கடுகளவு எழுத்து: 'பழைய கிணறு. பலகை போட்டு மண் மூடியிருக்கு. நேர்ல சொல்லணும்.' வட்டம் எந்த லேயரில், அதாவது டிராயிங்கின் எந்த அடுக்கில், இருக்கிறது என்று பார்த்தேன். 'டெஃப்பாயிண்ட்ஸ்' என்ற லேயர். அதில் வரைவது திரையில் தெரியும். பிரிண்டிலும் வராது, பிடிஎஃப்பிலும் வராது. தனக்கான குறிப்பை அண்ணன் அதில் போட்டுக்கொண்டு, சைட்டுக்குப் போய் வாயால் சொல்வது வழக்கமாம். இந்த முறை சொல்வதற்கு அவர் இல்லை.

கொத்தனார் பாண்டிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வடகிழக்கு மூலையில யாரும் இருக்காங்களா?"

"ரெண்டு பேரு தோண்டிக்கிட்டிருக்காங்கம்மா. ஏன்?"

"ஏறச் சொல்லுங்கண்ணே! அடியில கிணறு இருக்கு!"

போனில் கூச்சல், ஓட்டம். பிறகு சத்தமே இல்லை. நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏறிட்டாங்கம்மா" என்றார் கடைசியில். "கடப்பாரை உள்ள போயிருச்சு. விழுந்த சத்தமே கேக்கலம்மா."

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? அண்ணனின் பழைய பைல்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் கட்டி முடித்துக் குடியேறிய வீடுகள். மூன்றாவது பைலில், படுக்கையறைக்கு நடுவே, அதே வட்டம், அதே கடுகு எழுத்தில் 'பழைய கிணறு'. யாரிடம் சொன்னாரோ, சொல்ல மறந்தாரோ, கேட்க ஆள் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிடிஎஃப்பைத் திறந்து, டிராயிங்குக்குப் பக்கத்தில் வைத்து, மூலை மூலையாகப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

அன்று என்னை அவசரப்படுத்திய இளங்கோ சார், அந்த மூன்றாவது பைல் திறந்திருக்கும்போதே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அதில் இருந்தது அவருடைய வீடு.

போனை எடுத்து மனைவியை அழைத்தார். "பிள்ளைய தூக்கிக்கிட்டு வெளிய வா. ஒண்ணும் கேக்காத. மெதுவா நடந்து வா."