காப்புக்கு முந்தின பஸ்

அம்சவல்லியை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். குழந்தையின் காலில் மாவுக்கட்டு போடும்போது தாய் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அசையக் கூடாது. அவள் அசைவாள். காலை ஆட்டுவாள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள், ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் பாதி எழுந்துவிடுவாள். மாவு காய்வதற்குள் கட்டில் சுருக்கம் விழுந்துவிடும். கட்டுப் போடும் ஆனந்தன் எல்லாவற்றையும் ஈரம் பண்ணிப் பிரித்து மறுபடி தொடங்குவார்.

"இன்னா அவசரம் உனக்கு? அடுப்பு மேல பால் வெச்சுட்டு வந்தியா?"

"சும்மா குந்தினு இருந்தா ஒடம்பு அரிக்குது சார். நீங்க சீக்கிரம் கட்டுங்க."

எங்கள் மையம் சந்தவாசலில், அரிசி ஆலைக்குப் பின்னால், ஒரு வாடகை வீட்டில் நடக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் கால் கை சரியில்லாத குழந்தைகள் வருகிறார்கள். செலவுக்குப் பணமும் குழந்தைகளுக்கான ஷூக்களும் அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து வருகின்றன. அனுப்புவது பெரிய நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அங்கே கேக் விற்கிறார்கள், பழைய துணி விற்கிறார்கள். இங்கே குழந்தைகள் நடக்கிறார்கள். இடையிலுள்ள வேலை எங்களுடையது. ஆனந்தன் கட்டும் கம்பியும் பார்ப்பார். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் குழந்தையைக் கவனிக்கும் முறையைத் தாய்மார்களுக்குப் பழக்கிக் கொடுப்பது என் பொறுப்பு.

அம்சவல்லி மலைமேல் ஒரு சிற்றூரில் பிறந்து, பக்கத்துச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். சிறுவயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். மதில் ஏறிக் குதித்து வந்துவிட்டாள். பிறகு திருப்பூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜன்னல்களைத் திறக்க விடுவதில்லை என்பது அவள் சொன்ன காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். ஆண்கள் மில்லை விட்டு வந்தால் வேலை பிடிக்கவில்லை என்பார்கள். பெண் வந்தால் வேறு பெயர் வைப்பார்கள். ஓடுகாலி என்றார்கள். அந்தப் பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே வந்தது. கணவன் குணசீலன் வருஷத்தில் பாதி நாள் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் இருப்பான். அவள் புளியைத் தூக்கிக்கொண்டு செங்கம் சந்தைக்குப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்பினால்கூட, "திரும்பிட்டியா?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். கேள்வியில் இருக்கும் ஊசி அவளுக்குத் தெரியும்.

மகள் நிவேதா பிறந்தபோது இரண்டு பாதங்களும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. வளைபாதம். கிரகணத்தில் வெளியே நடந்ததால் வந்தது என்று ஓரகத்தி மாணிக்கம்மாள் சொன்னாள். அம்சவல்லி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பஸ்ஸில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையுடன் தனியாக எங்களைத் தேடி வந்தாள். அவளுடைய நிலைகொள்ளாத குணம் எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. மலையிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறாமல் இறங்கி வந்த தாய் அவள்.

வளைபாதத்துக்கு மருத்துவம் கடினமானதல்ல. நீண்டது. வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். பிறகு ஷூ. இரண்டு ஷூக்களும் நடுவே ஒரு கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். மலையில் அதைக் கம்பி ஷூ என்கிறார்கள். முதலில் இரவும் பகலும், பிறகு தூங்கும்போது மட்டும், நாலு வயது முடியும்வரை. விட்டுவிட்டால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும்.

நிவேதாவுக்குத் திரும்பிக்கொண்டது. முதல் சுற்று முடிந்து, கம்பி ஷூவோடு அனுப்பி வைத்து, ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தபோது இரண்டு பாதங்களும் உள்ளே பார்த்தன. ஆனந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புள்ள அழுதுச்சுன்னு கழட்டிட்டியா? அழுதா அழுவட்டும்னு எத்தினி தடவை சொன்னேன்?"

"அது அழுவல சார். காப்பு கட்டிட்டாங்க."

காளியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், விழா முடியும்வரை, பதினைந்து நாள், ஊர் எல்லைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. காப்புக் கட்டும்போது ஊரில் இருந்தவர்களும் அதன் பிறகு ஊருக்குள் வந்தவர்களும் வெளியே போய் இரவு தங்கக் கூடாது. பூசாரி, அம்சவல்லியின் மூத்தார் பஞ்சாட்சரம். குணசீலனுடைய அண்ணன், மாணிக்கம்மாளின் கணவர். தம்பி வீட்டில் ஒரு குழந்தை ஷூவோடு படுத்துக் கிடக்கும்போது, ஊராரிடம் அவர் எப்படிச் செருப்பைக் கழற்றச் சொல்வார்? அவரே வந்து நின்று கழற்றச் சொன்னார். கழற்றினார்கள்.

மறுபடி முதலிலிருந்து மாவுக்கட்டு. மறுபடி வாரா வாரம் பஸ். வேலூரில் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை திரும்பினால் கத்திதான். அறுத்துச் சரிசெய்த பாதம் வாழ்நாள் முழுக்க விறைப்பாகவே இருக்கும், மலைப்பாதைக்கு உதவாது. அம்சவல்லி அதை நின்றுகொண்டே கேட்டாள். வெளியே வந்ததும், "அடுத்த காப்பு எப்போன்னு மூத்தார் இன்னும் சொல்லல" என்றாள்.

அந்த இடைக்காலத்தில் மோரா வந்தார். அயர்லாந்துக் குழுவில் ஒருவர், அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். நிவேதாவுக்கு அடுத்த அளவு ஷூ கொண்டு வந்திருந்தார். அம்சவல்லி பெட்டியைப் பிரித்துப் புது ஷூவை மேசைமேல் வைத்தாள். மோரா பாய்ந்து வந்து அதை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இன்னாம்மா ஆச்சு? தேள் கீதா அதுல?" என்று அம்சவல்லி என்னிடம் கேட்டாள்.

புது ஷூவை மேசைமேல் வைத்தால் வீட்டுக்குக் கெடுதலாம், மோராவின் அம்மா விடவே மாட்டாராம் என்று மொழிபெயர்த்தேன். அம்சவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நம்ம மூத்தார அங்க அனுப்பி வெச்சா நல்லாப் பொழைச்சுக்குவாரு!"

என்ன சிரிப்பு என்று மோரா கேட்டார். காப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் மூடநம்பிக்கை என்றெல்லாம் பேசவில்லை. தோல் இல்லாமல் ரப்பரில் செய்து அனுப்பினால் ஆகுமா என்று கேட்டார். ரப்பர் செருப்பும் செருப்புதான் என்று அம்சவல்லி சொல்லிவிட்டாள்.

இரண்டாம் காப்பு நெருங்கியபோது நிவேதா தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். பகலில் வெறுங்கால். தூங்கும்போதுதான் கம்பி ஷூ. ஆனால் இரவு ஊரில்தான் தூங்க வேண்டும், ஊரில் ஷூ போடக் கூடாது. காப்புக்கு முந்தின நாள் மாலையில் கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஆனந்தன் தன் வண்டியில் என்னைக் கொண்டுபோய் விட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பஞ்சாட்சரம் மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது வாஸ்தவந்தாங்கம்மா. தம்பி பொண்ணு கால் நல்லாவணும்னு எனக்கு ஆச இல்லீங்களா? அதுக்காவ காப்பு கட்டின ஊர்ல செருப்பு ஏத்த முடியுங்களா? முள்ளு குத்திக் கால் பொத்துப்போவுது, நான் போடறனா?"

அம்சவல்லி பெண்கள் பக்கத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டிருந்தாள்.

"அது நடக்கற செருப்பு இல்ல மாமா. மண்ணுலயே பட்டதில்ல. படுத்துனு இருக்கசொல்ல போடறது."

"தோலுதான?"

"மேளம் இன்னா வாழ எலையிலயா கட்டிகீது? அத சாமி முன்னாடிதான அடிக்கிறீங்க?"

கூட்டம் சிரித்துவிட்டது. மேளக்காரர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. மாணிக்கம்மாள் அவள் கையைக் கிள்ளி, "வாய மூடுடி. ஜெயிச்சுட்டன்னு நெனச்சுக்காத, கெடுத்துக்கினே" என்றாள். மாணிக்கம்மாள் சொன்னது சரி. அதுவரை யோசித்துக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

யாரோ ஒரு பெரியவர் வழி சொன்னார். பூக் கேட்கலாம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக மடித்து அம்மன் முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பஞ்சாட்சரமும் தலையசைத்தார். பூப் பறிக்க ஒருத்தி எழுந்தாள்.

"வேணாம் மாமா" என்றாள் அம்சவல்லி. "செவப்பு வந்தா நான் கேக்க மாட்டேன். புள்ள காலுக்கு ஷூ போட்டுத்தான் ஆவணும். அப்புறம் அம்மன் பேச்ச மீறுனவன்னு எனக்கு ஒரு பாவம் எதுக்கு? கேக்காமலே போய்டறேன்."

"எங்க போவ?" என்றார் பஞ்சாட்சரம்.

"சந்தவாசலுக்கு. காப்பு நாளைக்குப் பொழுது சாய்ஞ்சுதான? காலைல மொத பஸ்ஸுக்குப் போறேன். எல்லாம் முடிஞ்சு வர்றேன்."

"உங்க வூட்டு மாவெளக்கு?"

"அக்கா எடுக்கட்டும்" என்று மாணிக்கம்மாளைக் காட்டினாள்.

திருவிழாவில் ஒவ்வொரு வீட்டு மருமகளும் சாமை மாவில் விளக்கேற்றி எடுத்துப்போக வேண்டும். அதை விட்டுப் போவது சின்ன விஷயமல்ல. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓடுகாலி புத்தி போவுமா?"

அம்சவல்லி திரும்பினாள். "சொல்லிட்டுப் போறேன் இல்ல? சொல்லிட்டுப் போனா அது ஓட்டமாடி?"

யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் வந்து சேர்ந்தாள். மையத்தின் பின்னறையில் கட்டில் கொடுத்தோம். அந்த நாட்களில் எங்கள் வீடு அதற்கு முன்னும் பின்னும் இல்லாத சுத்தத்தோடு இருந்தது. திரைச்சீலைகளைத் துவைத்தாள். பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். மலை பஸ் வந்தால் ரோட்டுக்கு ஓடிப்போய், இறங்குகிறவர்களிடம் "கரகம் எடுத்தாங்களா? மழை வந்துச்சா?" என்று கேட்பாள். அவள் ஊர்க்காரர்கள் சிலர் பதில் சொன்னார்கள். சிலர் காதில் விழாததுபோல் போனார்கள். தூங்கும் நேரத்தில் மட்டும் கம்பி ஷூவை மாட்டிவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் கொஞ்சம் அசையாமல் இருப்பாள்.

ஒரு மதியம் குணசீலன் வந்தான். வெறுங்கால், வாசலிலேயே சத்தம்.

"கேரளாவுலருந்து நின்னுனே வரேன். வூட்டுக்கு வந்து பாத்தா பூட்டிகீது. ஊரே என்னப் பாத்து சிரிக்குது. கெளம்புடி, சாயங்கால பஸ்ஸுக்கு."

"நீ இங்க ராத்திரிக்குப் புள்ளையப் பாத்துக்கோ. நான் போய் மாவெளக்கு எடுத்து, எல்லாம் முடிஞ்சதும் வர்றேன்."

"காப்பு கட்டின ஊர்லருந்து வந்தவன் வெளிய தங்கறதா? தெரியாது உனக்கு?"

"தெரியும். அதான் கட்டறதுக்கு முன்னயே வந்துட்டேன்."

இருவரையும் கத்த விட்டால் குழந்தை தூங்காது. மதியத் தூக்கத்துக்கு ஷூ போடும் நேரம். அவனிடமே கொடுத்தேன். அவன் கையைப் பின்னுக்கு இழுத்தான்.

"உங்க எல்லை மலை மேல முடிஞ்சுடுச்சு. இது சந்தவாசல். போடுங்க" என்றேன்.

முதல் தடவை வாரை இழுத்ததும் குழந்தை வீறிட்டது. விட்டுவிட்டான். குதிகால் கீழே இறங்கவில்லை, மறுபடி போடுங்கள் என்றேன். ஷூவின் பின்பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கும். குதிகால் சரியாக உட்கார்ந்தால் அந்த ஓட்டையில் தெரியும். குனிந்து பார்த்தான். தெரியவில்லை. மறுபடி. அம்சவல்லி உள்ளே வரவேயில்லை, வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "தெரியுது" என்றான் குணசீலன். நிவேதா கொஞ்ச நேரம் விசும்பிவிட்டுத் தூங்கிப்போனாள். கம்பியின் இரு முனையிலும் பாதங்கள் வெளிப்பக்கம் பார்த்து நின்றன. அவன் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தான்.

சாயங்கால பஸ்ஸுக்குத் தனியாகத்தான் போனான். படியில் நின்று, "அண்ணன் கேட்டா இன்னா சொல்றது?" என்றான்.

"கால் நேரா கீதுன்னு சொல்லு."

விழா முடிந்து ஊர் திரும்பியவளுக்கு வரவேற்பு ஒன்றும் இல்லை. பஞ்சாட்சரம் பேச்சை நிறுத்திக்கொண்டார். எதிரே வந்தால் வேலிப்பக்கம் ஒதுங்கிப் போவார். பெண்கள் அவளுக்குப் புதுப் பெயர்களைக் கண்டுபிடித்தார்கள். "சந்தவாசல்காரி" அவற்றில் ஒன்று. அம்சவல்லி சந்தைக்குப் போனாள், காட்டுக்குப் போனாள், எங்களிடம் வந்தாள், ஓரிடத்தில் நிற்காமல் ஒரு வருஷத்தை ஓட்டினாள். நிவேதாவின் பாதங்கள் திரும்பவில்லை. இரண்டும் தரையில் தட்டையாகப் பதிகின்றன. எங்கள் தேவைக்கு அது போதும்.

போன வாரம் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். நிவேதா கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தாள், தாய் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். பாதம் பார்ப்பதற்காக இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

"மூத்தார் சேதி அனுப்பிகீறாரும்மா" என்றாள்.

"பேசிட்டாரா?"

"எங்க பேசறது! அக்காகிட்ட சொல்லி அனுப்பினாரு. காப்பு வெள்ளிக்கெழமையாம். ஊருக்கு இன்னும் சொல்லல, எனக்குத்தான் மொதல்ல. 'அவ போறதுன்னா வியாழன் பஸ்ஸுக்கே போவட்டும், வெள்ளி அன்னிக்கு ரோடு வேல, பஸ்ஸு வராது'ன்னாராம். பாருங்க, தொரத்தறதுக்கு நாள் குறிச்சு அனுப்புறாரு!"

கோபமாகச் சொல்வதுபோல் சொன்னாள். முகத்தில் அவ்வளவு கோபம் இல்லை.

வியாழனே வரச் சொன்னேன். போர்வை கொண்டுவரச் சொன்னேன், இங்கே இருப்பது குழந்தைக்கே போதாது. சரி என்று எழுந்தவள் மறுபடி நின்றாள்.

"இந்த ஷூவ எப்போம்மா வுடறது?"

"நாலு வயசு முடியணும்."

விரல்விட்டு எண்ணினாள். மாதங்களையோ வருஷங்களையோ அல்ல.

"இதையும் சேத்து ரெண்டு காப்பு" என்றாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.