‘மேக்க’ என்றால் எந்தப் பக்கம்

1. மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கடலுக்குப் போக முடியாத அண்ணன், நான் கைப்பேசியில் ஆடும் பாய்மரப் படகு விளையாட்டுக்குள் வந்தான்.
2. மீன்பிடிக்க நாங்கள் வாங்கிய புதுப் படகுக்கு அவன் ஒரு புனிதரின் பெயரைச் சொன்னான். நான் ‘கொண்டல்’ என்றேன்; கிழக்கிலிருந்து வீசும் காற்றின் பெயர்.
3. போர்ச்சுகல் கரை நெடுக வடக்கே ஏறும் இணையப் போட்டியில், எங்கள் இருவரில் முந்துகிறவர் பெயர் வைக்கலாம் என்று முடிவானது.
4. கடைசி நாள் அவன் மேற்கே போவதாகச் சொன்னான். நானும் மேற்கே போனேன்.
5. மாலையில் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் இருந்தோம்.

அந்த விளையாட்டில் காற்று நிஜமானது. வானிலைக் கணிப்பு மாறினால் திரையின் அம்புகளும் திரும்பும். படகு எள்ளளவு. திசையைக் குறித்துவிட்டால் அது பாட்டுக்கு நீலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் எனக்கு வேலை. முத்தையாபுரத்திலிருந்து பேருந்தில் போகையில் ஜன்னலுக்கு வெளியே வெயில், மடியில் அந்த நீலம். எந்தக் கடலோரம் போகிறேன் என்பதே சற்று நேரம் மறந்துபோகும்.

போட்டி முழுக்க எதிர்க்காற்று. கோணல்மாணலாகத்தான் ஏற வேண்டும். பாயைத் திருப்பும்போதெல்லாம் வேகம் குறையும் என்பதால் குறைவாகவே திருப்பினேன். அண்ணனைவிடச் சற்று முன்னால் இருந்தேன். முன்னால் இருப்பவர் அந்த இடத்தைக் காக்க, பின்னால் வருபவர் போகும் பக்கமே போக வேண்டும். அப்போதுதான் காற்று மாறினாலும் இருவருக்கும் சேர்ந்தே மாறும்.

கடைசி நாள் காலை, பேருந்தில் இருக்கும்போது அவனே போனில் கூப்பிட்டான்.

“ஏளா, நான் மேக்க ஒதுங்கப் போறேன்.”

“எதுக்கு என்கிட்ட சொல்லுத?”

“சொன்னாலும் ஒனக்கு வெளங்காது. கிரேனுக்கு எண்ணெய் போடுத பிள்ளைக்குக் காத்தப் பத்தி என்ன தெரியும்?”

மேற்கு என்று குறித்துவிட்டுக் கைப்பேசியைத் துறைமுக வாசலில் ஒப்படைத்தேன்.

மாலையில் என் படகு நடுக்கடலில் தனியாக இருந்தது. அவன் படகு கிழக்கே, கரையை ஒட்டி. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் ஊரில் கடல் கிழக்கே, கரை மேற்கே; கடலுக்குப் போகிறவர்கள் ‘மேக்க’ என்றால் கரைப்பக்கம். போர்ச்சுகலில் கரை கிழக்கே. அவன் கரையைச் சொல்லியிருக்கிறான், நான் திசையைக் கேட்டிருக்கிறேன்.

பெயர் போனது என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டே நடக்கையில் அம்புகள் மெல்லச் சாய்ந்தன. வடக்கிலிருந்து வந்த காற்று வடமேற்குக்கு மாறியது. ஒரே ஒரு தடவை பாயைத் திருப்பினேன்; எள் நேராக ஓடியது. அவன் வழியில் நிலம் முனையாக நீண்டிருந்தது. அதைச் சுற்றி வர அவன் மறுபடி கோணலாக ஏற வேண்டியிருந்தது. அதற்குள் நான் போட்டியின் எல்லையைத் தாண்டிவிட்டேன்.

“நான் சொன்னதக் கேட்டுத்தான ஜெயிச்ச? அப்போ பேரு எனக்குத்தான்,” என்றான்.

“நீ சொன்னத நீயே கேக்கலியே, அண்ணே.”

அவன் சிரிப்பு கேட்டது.

இப்போது எங்கள் புதுப் படகு திரேஸ்புரம் கடற்கரையில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ‘கொண்டல்’ என்று எழுதியிருக்கிறது. முன்பக்கம் புனிதரின் சிறிய படம் ஒன்று. அது அண்ணன் ஒட்டியது.