படுத்துக்கொண்ட மனசு

சுனாமிக்கு அடுத்த வருடம் மரக்காணத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் நர்ஸாக இருந்தேன். அங்கே ஓர் உப்பளத் தொழிலாளி மூன்று மாதமாகப் பாயை விட்டு எழவில்லை. அவர் பல வருடமாகப் பேசாதிருந்த தம்பியை அலை கொண்டுபோயிருந்தது. வெயிலில் உப்பைப் பார்த்துப் பழகியவர், இருட்டு வீட்டுக்குள்ளும் புருவத்தில் கைவைத்துத்தான் என்னைப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டார்: “முள்ளு குத்துனா வலிக்குது, அதனால காலை ஊனாம இருக்கோம். மனசு இப்படிப் படுத்துக்கிறதும் எதுக்காச்சும்தானே, சிஸ்டர்?”

“இது நோய்ங்க. மாத்திரை போடுங்க.”

“போடறேன். ஆனா வேலை வேலைன்னு ஓடியிருந்தா தம்பி குடும்பம் என்னாகும்னு யோசிச்சிருக்க மாட்டேன். அவங்களை இங்கயே கூட்டிக்கப் போறேன்.”

மாத்திரையை என் எதிரிலேயே விழுங்கினார். அடுத்த மாதம் போனபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். தம்பி மனைவிதான் கதவைத் திறந்தார். அவரைப் பாயிலிருந்து எழுப்பியது மாத்திரையா, அந்த யோசனையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.