வண்டி நாயைத் திருத்தியவர்கள்

அந்த மனிதர் முதல்முறையாக எங்கள் நாயின் கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தியபோது அங்கே அப்பா இருந்தார், நான் இருந்தேன், எதிர்ப்பக்கத்துச் சாயாக்கடைச் சேட்டன் இருந்தார், சாக்கு இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் சிலர் இருந்தார்கள். அம்மா இல்லை. இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். மிளகுக்குச் சொந்தக்காரரான முதலாளியும் இல்லை. அவர் பாண்டிகசாலைக்குள் மின்விசிறிக்கு அடியில் இருந்தார். கிடங்கை மட்டாஞ்சேரியில் அப்படித்தான் சொல்வோம்.

எழுபதுகளின் கடைசி. அப்பா கைவண்டி இழுத்தார். படகுத்துறையில் வள்ளங்களிலிருந்து இறங்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு பஜார் ரோடு வழியாக, யூதர்கள் இருந்த ஜூ டவுன் பாண்டிகசாலைகளுக்குக் கொண்டுபோவார். நான் ப்ரீடிகிரி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். காலையில் ஒரு நடை பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிவிட்டு, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு கல்லூரிக்குப் போவேன். சட்டையில் மிளகு வாசனை போகாது. பக்கத்தில் உட்காருகிறவன் தும்முவான். அதற்கு நான் பழகியிருந்தேன், அவனும் பழகிவிட்டான்.

நாய் வண்டிக்குக் கீழே இருக்கும். பழுப்பு நிறம், நாட்டு நாய். பெயர் எதுவும் வைக்கவில்லை, ‘ஏய்’ என்றால் வரும். அச்சில் ஒரு கயிறு கட்டி அதன் கழுத்தில் மாட்டியிருந்தோம். வண்டி ஓடும்போது சக்கரங்களுக்கு நடுவே அதுவும் ஓடும். வண்டி நின்றால் படுக்கும். சாக்கின்மேல் யார் கை பட்டாலும் எழுந்து குரைக்கும். அப்பா நாக்கைச் சொடுக்கினால் நிறுத்திவிடும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை யாரும் சொல்லிக்கொடுத்ததாகவும் எனக்கு நினைவில்லை.

நாய் எதற்கு என்றால், வண்டியை வாசல்வரை கொண்டுபோவது மட்டும்தான் எங்கள் வேலை. சாக்கைத் தொட்டு இறக்குவது சுமட்டுத் தொழிலாளிகளின் உரிமை. அப்பா ஒரு சாக்கைத் தூக்கினால்கூட சங்கத்திலிருந்து ஆள் வந்து கேட்பார்கள். ஆகவே சரக்கு வந்ததை உள்ளே போய்ச் சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தால் குடித்து முடிக்கும்வரை நிற்பார். அதுவரை தெருவில் கிடக்கும் வண்டிக்குக் காவல் நாய்தான். “நாயுள்ள வண்டிக்கே மிளகு கொடுங்கள்” என்று முதலாளி சொல்லிவைத்திருந்தார். மிளகுக்குக் கூலி கூட. சுக்குக்கு அதைவிடக் குறைவு, தவிட்டுக்கு இன்னும் குறைவு. கல்லூரிக்கு நான் கட்டிய சம்பளம் மிளகுக் கூலிதான். நாய் குரைக்கும்வரை எங்களுக்கு மிளகு உண்டு.

ஆனால் அந்தத் தெரு ஒடுக்கம். லாரி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். நடந்துபோகிறவரின் தோளோ குடையோ சாக்கில் உரசாமல் இருக்காது. உரசினால் நாய் குரைக்கும். குரைத்தால் அவர்கள் நின்று அதைத் திருத்துவார்கள்.

இதில் பல விதம் இருந்தது. சிலர் செருப்புக் காலால் மூக்கில் ஒரு தட்டு. சிலர் காதைப் பிடித்து முறுக்குவார்கள், வாத்தியார் மாதிரி. யூதர்களின் ஜெபாலயத்தைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் வாயை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள் பார்த்து வெகுநேரம் என்னவோ சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். நாய் திமிறிக்கொண்டே இருந்தது. சாயாக்கடைச் சேட்டன் கிளாஸ் கழுவின தண்ணீரை வீசுவார். எல்லாருக்கும் நாயைப் பற்றித் தெரிந்திருந்தது. “இது யாருடைய நாய்?” என்று முதலில் கேட்டவர் ஒருவர்கூட எனக்கு நினைவில்லை.

நாங்கள் தமிழர்கள், அவர்கள் வாயில் ‘பாண்டி’கள். சுமட்டுக்காரர்களில் ஒருவர் சொல்வார், “பாண்டி நாயல்லே, மலையாளத்தில் பறஞ்ஞால் மனசிலாகில்லா. தமிழில் திட்டணும்.”

அப்பாவும் விடமாட்டார். “அதுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது சேட்டா. முளகு மட்டும்தான் தெரியும்.”

எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். ஆனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது கையை ஓங்கினால், அவர் முந்திக்கொண்டு நாயின் தலையில் ஒன்று போடுவார். மெதுவாகத்தான். நாமே அடித்துவிட்டால் அவர்கள் பலமாக அடிக்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அடித்துவிட்டு, “மன்னிக்கணும் சாரே” என்பார். சிலர் அதோடு போய்விடுவார்கள். சிலர், சொந்தக்காரனே அடிக்கிறானே என்று இன்னொன்று போட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் சொன்ன அந்த மனிதர் இவர்களில் யாரைப் போலவும் இல்லை. வெள்ளை முண்டு, கை மடிக்காத சட்டை, கைப்பிடி வளைந்த குடை. பட்டாளத்தில் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. குடை சாக்கில் பட்டது, நாய் குரைத்தது. அவர் கோபப்படவே இல்லை. குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். குனிந்து, கழுத்துத் தோலைக் கொத்தாகப் பிடித்து, நாயைச் சாய்த்துத் தரையோடு அழுத்தினார். அது கால்களை உதறியது. அவர் விடவில்லை. அப்பா கையை ஓங்கிக்கொண்டு போய், எங்கே அடிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

“அடிக்கக் கூடாது, கேட்டோ,” என்றார் அவர், எங்களுக்காகத் தமிழில். “அடிச்சா நாய் கெட்டுப் போகும். இது திருத்தல். பட்டாளத்து நாய் எல்லாம் இப்படியாணு.”

அப்பா என்னைப் பார்த்தார். “நீ படிச்சவன்லா. நீ பேசு.”

நான் பேசினேன். சார், மன்னிக்க வேண்டும், குரைப்பதுதான் இதன் வேலை, இது சரக்குக்குக் காவல் இருக்கிறது என்று பாடப்புத்தகத்து மலையாளத்தில், ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். அவர் நாயைப் பிடித்தபடியே தலையை நிமிர்த்தினார்.

“நல்ல மலையாளம்! மோன் எவிடயா படிக்குன்னே?”

சொன்னேன்.

“பலே. படிக்கணும். அப்பனெப் போலெ வண்டி உந்தக் கூடாது.”

நாய் உதறுவதை நிறுத்தியதும் விட்டார். எழுந்து, அதே கையால் என் தோளில் தட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். சாயாக்கடைச் சேட்டன், “ஆள் கொள்ளாம்” என்று மெச்சினார். அப்பா, “பெரிய மனுசன். நமக்காக மெனக்கெடுறாரு,” என்றார். அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

அவர் தினமும் வரத் தொடங்கினார். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழி. குடையால் சாக்கை ஒரு தட்டு தட்டுவார். நாய் குரைத்தால் குனிந்து அழுத்துவார். குரைக்காவிட்டால் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு பிஸ்கட். ஒருநாள் நாய் எழுந்தது, வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. திரும்பப் படுத்துக்கொண்டது. சுமட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

“இப்போள் நல்ல நாய்!” என்றார் ஒருவர்.

அதற்குப் பிறகு எல்லாரும் அதனிடம் அன்பாக இருந்தார்கள். சேட்டன் தண்ணீர் வீசுவதை விட்டுவிட்டு, பழைய பன்னைப் பிய்த்துப் போட்டார். யாரும் அப்பாவைத் திட்டவில்லை. தெருவில் அப்பா மன்னிப்புக் கேட்காமல் நடந்த நாட்கள் அவை. எனக்கு அதில் சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது. வண்டியைத் தள்ளினேன், கல்லூரிக்குப் போனேன்.

அம்மாதான் கேட்டாள். ஒரு சாயங்காலம் பாத்திர வியாபாரி ஒருவன் எங்கள் வீட்டு நடைவரை வந்து நின்றுவிட்டுப் போனான். நாய் எழுந்துகூட நிற்கவில்லை.

“என்னங்க இது, ஊமையாயிருச்சா? கொரைக்கதுக்குத்தான சோறு போடுறோம்?”

“தெருவுல பேசாம இருக்கு. அது போதும்,” என்றார் அப்பா.

“தெரு நமக்குச் சோறு போடுதா?”

நான் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் நான் வகுப்பிலிருந்தபோது அது நடந்தது. சாயங்காலம் அப்பா சொல்லித்தான் தெரியும். வண்டியைப் பாண்டிகசாலை வாசலில் நிறுத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார். மழை கனத்ததால் சுமட்டுக்காரர்கள் வெளியே வர மறுத்தார்கள். மழை விடட்டும் என்று அவரும் உள்ளேயே நின்றார். நாய் குரைக்காததால் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தார். திரும்பி வந்து பார்த்தபோது தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்திருந்தது. ஒரு சாக்கு இல்லை. வண்டிக்கடியில் நாய் நனையாமல் உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

நாய் குரைக்கவில்லை என்றே சாயாக்கடைச் சேட்டனும் சொன்னார். “நாய் மிண்டியதே இல்ல அண்ணா. மிண்டியிருந்தா நான் எட்டிப் பாத்திருப்பேன்.”

எடுத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. முதலாளி சத்தம் போடவில்லை. நாய் இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றார் அப்பா. பிறகு எதற்கு நாய் என்றார் முதலாளி, சாக்கின் விலையை அப்பா கணக்கில் எழுதினார். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து மிளகு வேறு வண்டிக்குப் போனது. எங்களுக்குத் தவிடு வந்தது.

குடைக்காரர் வழக்கம்போல வந்தார். தவிட்டுச் சாக்கைத் தட்டினார். நாய் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

“கண்டோ?” என்றார் என்னிடம். “இனி யாருக்கும் சல்லியமில்லை, தொந்தரவில்லை.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, “ஆமா சாரே. ரொம்ப உபகாரம்,” என்றார். பிஸ்கட் கொடுத்துவிட்டு அவர் போனார். அவரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவார் என்று அப்பா நினைத்திருக்கலாம். கேட்டதில்லை.

அப்பா நாயை அடிக்கவில்லை, அவிழ்த்துவிடவும் இல்லை. அது பழையபடி சக்கரங்களுக்கு நடுவே ஓடியது. அம்மா இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தாள். விரல் நுனிகள் வெளுத்து ஊறிப்போய், சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். என் படிப்பு நிற்கவில்லை. சாக்கின் விலையை அப்பாவின் கூலியிலும் அம்மா கொண்டுவந்ததிலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். நான் கடைசிப் பரீட்சை எழுதிய மாதத்தில்தான் கடன் தீர்ந்தது. மொத்தம் எழுநூற்று அறுபது ரூபாய்.